சூடேறாத கருவியும் சுடுகின்ற உண்மையும்



வழக்கமாக வகுப்பறையைப் பற்றி எழுதுகின்ற நான், இம்முறை குளியலறையைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம். படித்து முடித்தபின் உங்கள் வீட்டு மின்பெட்டியை ஒருமுறை எட்டிப் பார்ப்பீர்களேயானால், இக்கட்டுரை எழுதிய பயனை நான் அடைந்தவனாவேன்.

நம் நாட்டில் குளிர்காலம் என்று ஒன்று இல்லை. வீட்டைச் சூடாக்கும் இயந்திரமும் நமக்குத் தேவையில்லை. ஆனாலும் தாமான் வீடுகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் குளியலறைச் சுவரில் ஒரு வாட்டர் ஹீட்டர் தொங்குகிறது. விடியற்காலையில் எழுந்து பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கும், மூட்டுவலியுள்ள பெரியவர்களுக்கும் அது இன்று ஆடம்பரப் பொருளன்று. அந்தக் கருவி ஒரு திங்கட்கிழமை காலையில் இயங்க மறுத்தால் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

குளியலறையிலிருந்து என் தாயார் குரல் கொடுத்தார். “ஐயா, தண்ணி சுடலையே!” வெளியிலுள்ள சுவிட்சில் எரிய வேண்டிய சிறு விளக்கு எரியவில்லை. மின்பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஹீட்டருக்கென்று தனியாகப் பொருத்தப்பட்டிருந்த இஎல்சிபி விழுந்து கிடந்தது. தூக்கிவிட்டேன். நின்றது. ஹீட்டரைப் போட்டதும் மீண்டும் விழுந்தது. இன்னொரு முறையும் தூக்கினேன். மறுபடியும் விழுந்தது. நானும் மனிதன்தானே! “இந்தச் சனியன் கெட்டுவிட்டது” என்று அந்தச் சுவிட்சையே திட்டினேன்.

மாலையில், அக்கம்பக்கத்தில் சிறு மின்வேலைகள் செய்து கொடுக்கும் இளைஞர் ஒருவரை அழைத்தேன். நல்ல பிள்ளை, ஆனால் முறையான உரிமம் பெற்றவரல்லர். பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொன்னார். “சார், இது பத்து. ரொம்ப சென்சிட்டிவ். நூறு போட்டுட்டா விழவே விழாது. அவசரம்னா இப்பவே டைரெக்டா கொடுத்திடறேன்.”

உண்மையைச் சொல்கிறேன், நான் ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டேன். அம்மா வெந்நீருக்குக் காத்திருந்தார். மறுநாள் எனக்குத் தேர்வுத்தாள்கள் காத்திருந்தன. “செய்துவிடு தம்பி” என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அந்தப் ‘பத்து’ என்ற சொல்தான் என்னைத் தடுத்தது. பத்து என்றால் என்ன? நூறு என்றால் என்ன? தொடக்கப்பள்ளி அறிவியலில் மின்சுற்றைப் படம்போட்டு விளக்குகிற ஆசிரியன் நான். என் வீட்டுச் சுவிட்சில் எழுதியிருக்கும் எண்ணின் பொருளைக் கேட்டுப் பார்க்காமலே தலையாட்டப் போனேனே என்று வெட்கமாக இருந்தது. “இரண்டு நாள் பொறுப்போம்” என்று அவரை அனுப்பிவைத்தேன்.

அந்த இரண்டு நாளில் நான் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

நம் மின்பெட்டியில் இருவகைக் காவலர்கள் இருக்கின்றனர். ஒருவர் எம்சிபி. இவர் கம்பியைக் காப்பவர். அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்து கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறார். மற்றவர் ஆர்சிசிபி, பழைய பழக்கத்தில் நாம் இஎல்சிபி என்றே சொல்லி வருகிறோம். இவர் மனிதனைக் காப்பவர். ஒரு கம்பி வழியாகப் போன மின்சாரம் முழுவதும் மறு கம்பி வழியாகத் திரும்பி வருகிறதா என்று இவர் ஓயாமல் கணக்குப் பார்க்கிறார். போனதும் வந்ததும் சமமாக இருந்தால் பேசாமல் இருக்கிறார். குறைந்தால், எங்கோ நிலத்தை நோக்கிக் கசிகிறது என்று பொருள். அது உலோகக் குழாய் வழியாகவும் இருக்கலாம். மனித உடல் வழியாகவும் இருக்கலாம். கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்து விடுகிறார்.

இப்போது ஒரு சிறு கணக்கு. 3,600 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 15.7 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். (ஆகவேதான் இதை 13 ஆம்பியர் பிளக்கில் செருகக்கூடாது.) அதற்கு 20 ஆம்பியர் எம்சிபி இருக்கிறது. நனைந்த உடலின் மின்தடையை ஏறக்குறைய 1,000 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ட் அவ்வுடலில் 0.23 ஆம்பியரைப் பாய்ச்சும். 20 ஆம்பியருக்காகக் காத்திருக்கும் எம்சிபிக்கு இது ஒரு பொருட்டே அன்று, அசையாமல் நிற்கும். மனித இதயத்துக்கோ 0.03 ஆம்பியரைத் தாண்டினாலே, அதாவது 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே, ஆபத்து தொடங்கிவிடுகிறது. 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே தசைகள் இறுகி, பிடித்த குழாயை விட முடியாமல் போகக்கூடும்.

‘பத்து’ என்பதன் பொருள் இதுதான். மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகள், தரை ஈரமாகக்கூடிய இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியருக்கு மிகாத கசிவுக் காப்பைக் கோருகின்றன. கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகளுக்கு 30, மற்றவற்றுக்கு 100. அந்த இளைஞர் சொன்ன நூறு, வேறோர் இடத்துக்கு உரிய நூறு. குளியலறையில் அது காவலர் உடை அணிந்த பொம்மை. டைரெக்டாகக் கொடுப்பதோ, பொம்மையைக்கூட வைக்காமல் கதவைத் திறந்துவிடுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே என் கருத்து இதுதான்: கருவியை இயங்கவிடாமல் தடுப்பது எப்போதும் கோளாறு அன்று, பல வேளைகளில் கோளாற்றைக் கண்டு சொல்லும் சாட்சி அதுவே. இரவில் நாய் குரைத்தால் திருடனைத் தேட வேண்டும். நாம் தூக்கம் கெடுகிறதென்று நாயை அவிழ்த்து விரட்டுகிறோம்!

அப்படியானால் ஹீட்டர் இயங்காதபோது ஒன்றுமே செய்யாமல் கைகட்டி நிற்பதா? இல்லை. உறையைக் கழற்றாமல், ஈரக்கை இல்லாமல், காலில் செருப்புடன் நாமே பார்க்கக்கூடியவை இருக்கின்றன. ஆனால் ஓர் ஒழுங்கோடு பார்க்க வேண்டும்.

1. முதலில் குளியலறைக்கு வெளியிலுள்ள சுவிட்சின் விளக்கைப் பாருங்கள். அது எரிந்தால் மின்சாரம் அதுவரை வருகிறது. எரியாவிட்டால் மின்பெட்டிக்குச் செல்லுங்கள்.

2. விளக்கு எரிகிறது, தண்ணீர் மட்டும் சூடாகவில்லை என்றால், மின்சாரத்தைக் குறை கூறுமுன் தண்ணீரைப் பாருங்கள். போதிய வேகத்தில் நீர் ஓடினால்தான் உள்ளே இருக்கும் நீரோட்ட சுவிட்சு வேலை செய்யும். ஹீட்டருக்கு அடியிலுள்ள அடைப்புக் குழாய் முழுதாகத் திறந்திருக்கிறதா? நீர் நுழையும் இடத்திலுள்ள வடிகட்டியில் மணலும் துருவும் சேர்ந்துள்ளனவா? பூவாளியின் துளைகள் அடைத்துள்ளனவா? மேல்தொட்டியில் நீர் குறைந்துள்ளதா? மின்சாரத்தை அணைத்துவிட்டு வடிகட்டியைக் கழுவினாலே பல ஹீட்டர்கள் மீண்டும் இயங்கத் தொடங்கிவிடும்.

3. மின்பெட்டியில் விழுந்திருப்பது எம்சிபியா, ஆர்சிசிபியா? எம்சிபி என்றால் மிகைச்சுமை அல்லது குறுக்குச்சுற்று. ஆர்சிசிபி என்றால் பெரும்பாலும் கசிவு. இரண்டும் வெவ்வேறு செய்திகள்.

4. முந்திய மாலை இடி மின்னலுடன் மழை பெய்ததா? மின்னலின் அதிர்வில் ஆர்சிசிபி விழுவது நம் நாட்டில் இயல்பு. ஒருமுறை தூக்கிப் பாருங்கள். நின்றால் நல்லது.

5. மீண்டும் விழுந்தால், ஹீட்டரின் வெளிச்சுவிட்சை அணைத்துவிட்டு ஆர்சிசிபியைத் தூக்குங்கள். இப்போது நின்றால் கசிவு ஹீட்டரில்தான். இப்போதும் விழுந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. வீடு முழுமைக்கும் ஒரே ஆர்சிசிபி என்றால், எல்லா எம்சிபிகளையும் இறக்கிவிட்டு, ஆர்சிசிபியைத் தூக்கி, ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் சிக்கல். எல்லாம் இறங்கியிருந்தும் நிற்கவில்லை என்றால் அதற்குமேல் தேட வேண்டாம். எம்சிபி ஒரு கம்பியை மட்டுமே துண்டிப்பதால், மற்றொரு கம்பியிலுள்ள கசிவை இம்முறையில் கண்டுபிடிக்க முடியாது.

6. ஹீட்டரிலேயே உள்ள ‘ரீசெட்’ பொத்தானுக்கும் இதே விதிதான். ஒருமுறை அழுத்தலாம். மறுபடியும் துண்டித்தால் இரண்டாம் முறை வேண்டாம்.

இந்த ஆறு படிகளுக்குப் பிறகு நம் வேலை முடிந்தது. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின் ஒப்பந்தக்காரரை அழைக்க வேண்டும். அவரிடம் “ஹீட்டர் வேலை செய்யவில்லை” என்று மட்டும் சொல்லாமல், “ஹீட்டரைப் போட்டால் மட்டும் ஆர்சிசிபி விழுகிறது” என்று சொல்லுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

என் வீட்டுக்கு மூன்றாம் நாள் வந்தவர் உறையைக் கழற்றி, மின்விளக்கை அடித்துக் காட்டினார். நீரைச் சூடாக்கும் எலிமென்ட்டின் உறையில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு. அதைச் சுற்றிப் பச்சை படிந்திருந்தது. தண்ணீர் உள்ளே இறங்கி, மின்சாரம் எர்த் கம்பி வழியாகக் கசிந்து கொண்டிருந்தது. “நூறு போட்டிருந்தால்?” என்று கேட்டேன். “நின்றிருக்கும் சார். எர்த் கம்பி நன்றாக இருக்கும்வரை உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது” என்றார். எர்த் கம்பி என்றேனும் ஒருநாள் தளர்ந்திருந்தால்? அதற்கு அவரும் விடை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் தாயார் குளிக்கும்போது நிலைக்காக உலோகக் குழாயைப் பற்றிக்கொள்ளும் பழக்கம் உடையவர்.

ஹீட்டரை மாற்றினோம். சிரிம் முத்திரை உள்ள புதிய கருவிக்குச் சில நூறு ரிங்கிட் செலவானது. பத்து பத்தாகவே இருக்கிறது.

அந்த இளைஞரை நான் குறை சொல்லவில்லை. அவர் நாம் கேட்பதைத்தான் தருகிறார். “ஏன் விழுகிறது?” என்று நாம் கேட்பதில்லை, “விழாமல் செய்ய முடியுமா?” என்றுதான் கேட்கிறோம். கேள்வியை மாற்ற வேண்டியவர்கள் நாம்தாம்.

பெற்றோர்களே, பிள்ளைகள் நம் சொல்லைவிட நம் கையைத்தான் பார்க்கிறார்கள். விழுந்த சுவிட்சைத் திட்டிக்கொண்டே நாம் நான்கு முறை தூக்கினால், நாளை அவர்களும் அதையே செய்வார்கள். ஆசிரியர்களே, மின்கலத்தையும் சிறு மின்குமிழையும் வைத்துச் சுற்றுப் பாடம் நடத்துகிறோம். அதனோடு, “விளக்கு எரியவில்லை என்றால் எங்கிருந்து தேடத் தொடங்குவாய்?” என்றும் கேட்போம். வேண்டுமென்றே ஒரு கம்பியைத் தளர்த்தி வைத்துத் தேடச் சொல்வோம். காரணத்தைப் படிப்படியாகத் தேடும் பழக்கம், தேர்வுக்குப் பின்னும் அவர்களோடு இருக்கும். ஆனால் மின்கலத்தோடு நிற்க வேண்டும். வீட்டு மின்சாரம் பெரியவர்களின் பொறுப்பு என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இன்றிரவு உங்கள் மின்பெட்டியைத் திறந்து பாருங்கள். ஹீட்டருக்குரிய ஆர்சிசிபியில் 0.01 என்றோ 10 என்றோ எழுதியிருக்கிறதா? அதில் ‘டி’ என்னும் எழுத்துள்ள சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். சுவிட்சு உடனே விழ வேண்டும். விழாவிட்டால் காவலர் உறங்குகிறார், மாற்றுங்கள். அப்பொத்தான் சுவிட்சை மட்டுமே சோதிக்கும், எர்த் கம்பியைச் சோதிக்காது என்பதையும் மறவாதீர்கள். அதற்கு ஒப்பந்தக்காரரின் கருவி வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அந்தப் பொத்தானை அழுத்துகிறோம். ‘டக்’ என்று விழும் ஓசை கேட்டதும் என் தாயார் கூடத்திலிருந்து கேட்பார்: “விழுந்துச்சாய்யா?” “விழுந்துச்சும்மா” என்பேன். விழுந்தது என்பதற்காக நாங்கள் மகிழ்கின்ற ஒரே பொருள் எங்கள் வீட்டில் அதுதான்.

சிந்திப்போம், செயல்படுவோம்.