பழைய லூருக்குப் புது முள்

துருவேறிய முள்ளோடு பழைய லூரை, அதாவது செயற்கை இரையை, குட்டையில் எறிகிறவனுக்கு மீனும் மிஞ்சாது, லூரும் மிஞ்சாது. மலேசியாவில் பீடோர் பக்கத்து ஈயக்குட்டைகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். 1985-இல் ஈய விலை சரிந்தபோது சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. மிஞ்சிய குட்டைகள் மீனுக்கும் தூண்டில்காரர்களுக்கும் வந்து சேர்ந்தன. அங்கே தோமான் என்ற பெரிய விரால் அடித்தால் தயவு பார்க்காது. கனத்த தாடை, கூரிய பல், கடித்த மறுகணமே ஆழத்தில் கிடக்கும் மரக்கட்டைக்குள் ஓடும் குணம். பல வருடம் பெட்டியில் கிடந்த முள் அந்த இழுப்புக்குத் தாங்காது.

பக்கத்து வீட்டுத் தம்பி போன வாரம் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தான். தோட்டத்தில் கிராணியாக இருந்த அவன் தாத்தாவுடையதாம். உள்ளே ஒரு மிதக்கும் ராப்பாலா, ஆபு கம்பெனியின் டோபி ஸ்பூன் ஒன்று, ஒரு ஜிட்டர்பக். "அண்ணே, தோமான் நிமித்திடாத மாதிரி பெரிய முள்ளா மாட்டிடலாமா?" என்றான். எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. இதைத் தண்ணீரில் போடப் போகிறாயா, பத்திரமாக வைக்கப் போகிறாயா?

வைக்கப் போகிறாய் என்றால் முள்ளைத் தொடாதே. பழைய லூர் சேகரிப்பவர்கள் வண்ணத்தை மட்டும் பார்ப்பதில்லை. முள், அது தொங்கும் கொக்கி, திருகாணி எல்லாம் அந்தக் காலத்ததுதானா என்று பார்ப்பார்கள். ஜிட்டர்பக்கின் முகத்தில் இருக்கும் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரில் உலோகம் கிடைக்காததால் அமெரிக்காவில் அதை பிளாஸ்டிக்கில் செய்தார்கள். அந்த ஒன்றை வைத்தே லூரின் வயதைச் சொல்லிவிடலாம். தம்பியின் பெட்டியில் இருந்ததும் பிளாஸ்டிக் தகடுதான். அதைத் துடைத்து அலமாரியில் வைக்கச் சொன்னேன்.

ராப்பாலாவின் கதை வேறு. பின்லாந்து மீனவர் லௌரி ராப்பாலா 1936-இல் தன் பிழைப்புக்காகச் செதுக்கியது அது. தக்கையைக் கத்தியால் சீவி, சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கி மேலே பூசினார். காயம்பட்ட சிறுமீன் போல அது தள்ளாடி நீந்துவதைப் பார்த்துத்தான் பெரிய மீன் பாய்கிறது. அந்தத் தள்ளாட்டம் எடையில் இருக்கிறது. தம்பி சொன்னபடி பெரிய முள்ளை மாட்டினால் தோமான் நிமிர்த்தாது என்பது உண்மைதான். கடிக்கவும் செய்யாது. லூர் செத்த கட்டையாக வரும்.

ஆகவே பழைய முள்ளைக் கழற்றியதும் எறியாமல், பொன் நிறுக்கும் சின்னத் தராசில் போட்டு எடை பாருங்கள். புது முள் அதே எடைக்கு அருகில் இருக்க வேண்டும். முள்ளின் அளவு எண்ணை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். எண்ணும் ஒரு விசித்திரம்: 6-ஐ விட 4 பெரிது, 4-ஐ விட 2 பெரிது, 1-ஐத் தாண்டி 1/0, 2/0 என்று போனால் எண் கூடக் கூட முள்ளும் பெரிதாகும். 2எக்ஸ், 4எக்ஸ் என்று இருந்தால் கம்பி அந்த அளவுக்குத் தடிப்பு, எடையும் கூடுதல். தடித்த கம்பிதான் வேண்டும் என்றால் ஓர் அளவு சின்ன முள்ளாக எடுங்கள். மாட்டியபின் முன் முள்ளும் பின் முள்ளும் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாமல் இருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டால் மூக்கு தாழ்கிறதா, வால் தாழ்கிறதா என்று உடனே தெரியும்.

மர லூரில் முள் திருகாணி வளையத்தில் தொங்கினால் அந்த வளையத்தைத் திருகிக் கழற்றாதீர்கள். மரம் வெடிக்கும், ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி உள்ளே ஊறும். கட்டரால் பழைய முள்ளை வெட்டி எடுங்கள். கண் திறந்திருக்கும் ஒற்றை முள் கடையில் கிடைக்கும். அதை வளையத்தில் கோத்துக் குறட்டால் நெருக்கிவிடலாம். பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டிய நம் குட்டைகளுக்கு மும்முள்ளை விட ஒற்றை முள் நல்லது. மீனை அதிகம் காயப்படுத்தாமல் திருப்பி விடவும் அதுதான் வசதி.

அடுத்தது தூண்டில் நரம்பைக் கட்டுவது. மிதக்கும் லூரின் மூக்கில் இறுக்கி முடிச்சுப் போட்டால் அதன் கழுத்தைப் பிடித்த மாதிரி ஆகிவிடும். சின்ன வளையம் விட்ட முடிச்சு, அல்லது ஸ்விவல் இல்லாத சிறு ஸ்னாப் போதும். கனமான ஸ்விவல் மாட்டினால் மூக்கு தாழும். ஸ்பூனும் ஸ்பின்னரும் வேறு ரகம். அவை சுழன்று நரம்பை முறுக்கிவிடும், அதனால் ஸ்விவல் கட்டாயம் வேண்டும். மூக்கில் ஸ்பிளிட் ரிங் இருந்தால் நரம்பை நேரே அதில் கட்டாதீர்கள். ரிங்கின் இடுக்கில் நரம்பு புகுந்தால் விளிம்பே அறுத்துவிடும். அதில் ஸ்னாப்பைக் கோத்துவிட்டு, நரம்பை ஸ்னாப்பில் கட்டுங்கள். தோமானின் பல்லுக்கு, முன்னால் தடித்த நைலானோ கம்பியோ ஒரு முழம் இருக்கட்டும்.

இன்னொரு சங்கதி. அந்தக் காலத்து லூர்கள் நீளவே நீளாத நூலை நினைத்துச் செய்தவை அல்ல. இன்றைய பின்னல் நூல் நீளாது. மீனின் இழுப்பு முழுவதும் பழைய திருகாணியில்தான் விழும். ரீலின் டிராக்கைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள்.

கழற்றிய முள்ளைச் சின்ன உறையில் போட்டு, எந்த லூருடையது என்று எழுதி அதே பெட்டியில் வையுங்கள். வெட்டிய துண்டுகளைக் குட்டைக் கரையில் எறியாமல் டின்னில் மூடிக் குப்பையில் போடுங்கள். அந்தக் கரையில் பிள்ளைகள் வெறுங்காலில் நடக்கிறார்கள்.