இல்லமும் கருவியும்: தமிழ் பேச மறுக்கும் பெட்டி

தொலைக்காட்சி பழுதுபட்டால் நம் இல்லங்களில் முதலில் துன்புறுவோர் முதியவர்களே. மகன் அலுவலுக்கும் பேரக் குழந்தைகள் பள்ளிக்கும் சென்றபின், முதுமையில் மைசூருக்கு வந்து சேர்ந்த தாயாருக்குப் பகல் முழுதும் தமிழில் பேசித் துணையிருப்பது அப்பெட்டி ஒன்றுதான். அடுத்த வீட்டு அம்மையார் அன்பானவரே. ஆயினும் இருவருக்கும் பொதுமொழி புன்னகையும் கையசைப்புமே. இந்நிலையில் பெட்டி வாய்மூடிக்கொண்டால் மாலைவரை வீட்டில் ஒரு தமிழ்ச் சொல் ஒலிக்காது. மாலையில் மகன் கேபிள்காரரை அழைக்கிறார். அவர் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வருகிறார். ஒரு பொத்தானை அழுத்திப் படத்தை வரவழைத்துக் கூலி பெற்றுச் செல்கிறார். அந்த ஒரு பொத்தானுக்காகத் தாயார் இரண்டு நாள் பேச்சுத்துணை இழந்திருக்க வேண்டுமா? ஆகையால் இத்திங்கள் இப்பெட்டியைப் பற்றிச் சிறிது விரிவாகவே பேசுவோம்.

படம் வராமைக்குக் காரணம் மூன்று இடங்களில் இருக்கலாம்: செட்டாப் பெட்டிக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே, வானிலிருந்தோ தெருக் கம்பத்திலிருந்தோ பெட்டிவரை அலை வரும் வழியில், அல்லது பழுது எதுவுமின்றி, நாம் செலுத்திய சந்தாவில். எந்த இடம் என்பதைத் திரையே சொல்லிவிடுகிறது. நாம்தான் அதைப் படிப்பதில்லை. தொலைபேசியில் "படம் வரவில்லை" என்று மட்டும் கூறுவது, மருத்துவரிடம் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் கூறுவதைப் போன்றது.

திரையில் 'நோ சிக்னல்' என்னும் எழுத்து மட்டும் அங்குமிங்கும் மிதந்து திரிந்தால் உடனே மொட்டைமாடிக்கு ஓடுகிறோம். ஓட வேண்டுவதில்லை. அவ்வெழுத்தைக் காட்டுவது பெரும்பாலும் தொலைக்காட்சியே. பெட்டியிலிருந்து தனக்கு ஒன்றும் வரவில்லை என்பதே அதன் முறையீடு. வானத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெட்டி இயங்கிக்கொண்டிருந்து அலை மட்டும் கிட்டாவிட்டால், பெட்டி தன் நிறுவனத்தின் சின்னத்தோடும் ஒரு பிழை எண்ணோடும் வேறு செய்தி காட்டும். ஆகவே, மிதக்கும் எழுத்தைக் கண்டால், தொலைக்காட்சியின் ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' என்ற பொத்தானை அழுத்தி, பெட்டி செருகப்பட்டுள்ள ஹெச்.டி.எம்.ஐ. துளையின் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். குழந்தைகள் யூடியூப் பார்த்துவிட்டு அப்படியே அணைத்துச் செல்லும் வீடுகளில் இது அடிக்கடி நேரும். தாயாருக்கு அப்பொத்தானைக் காட்டி, அதன்மேல் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிடுங்கள்.

பொட்டுக்கும் பயனில்லையேல் பெட்டியின் விளக்கைப் பாருங்கள். அது எரியவில்லை என்றால் அடாப்டரை ஐயுறவேண்டும். பெட்டி நன்றாயிருக்க, அடாப்டர் மட்டும் கெட்டுப்போவது மிகுதி. புதிது வாங்கும்பொழுது, பழையதன்மேல் அச்சிட்டுள்ள வோல்ட் அளவு (பல பெட்டிகளுக்கு 12 வோல்ட்) மாறலாகாது; ஆம்பியர் குறையலாகாது, மிகுந்தால் குற்றமில்லை; முனையும் அதன் நேர் எதிர்க் குறிகளும் ஒத்திருக்கவேண்டும். "பெட்டியே போயிற்று, புதிது வாங்குங்கள்" என்பாரிடம், வேறோர் அடாப்டரை இட்டுப் பார்த்தாரா என்று தயங்காமல் கேளுங்கள்.

இனி, அலை வரும் வழி. ஏரியல் கட்டுவது மைசூருக்குப் புதிதன்று. மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி 1935-இல் தம் இல்லத்திலிருந்தே வானொலி நிலையம் நடத்தி, 'ஆகாசவாணி' என்னும் பெயரை ஒலிக்கச் செய்த ஊர் இது. அந்நாளைய வானொலியிலும் பின்வந்த பழைய தொலைக்காட்சியிலும் அலை மெலிந்தால் இரைச்சலும் புள்ளிகளும் மிகும். ஆயினும் பாட்டு கேட்கும், உருவம் தெரியும். இப்பொழுது அவ்வாறில்லை. கேபிளில் டிஜிட்டல் முறையைக் கட்டாயமாக்கிய திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் மைசூரும் அடங்கியது. அதற்குக் குறித்த நாள் 2013 மார்ச் 31. டிஜிட்டல் அலை ஓரளவு மெலியும்வரை படம் பளிச்சென்றே இருக்கும். அவ்வெல்லையைக் கடந்ததும் கட்டங்கட்டமாக உடைந்து, சடுதியில் மறைந்துவிடும். ஆகையால் "நேற்றுவரை நன்றாயிருந்ததே" என்பது எதற்கும் சான்றாகாது. திருகுமுனை பல திங்களாகத் தளர்ந்து வந்திருக்கலாம். வீட்டார் அறிந்தது இன்றுதான்.

பெட்டியின் மின்செருகியைக் கழற்றியபின் கேபிள் முனையைத் திருகி எடுத்துப் பாருங்கள். நடுவிலுள்ள செம்புக்கம்பி பச்சை பூத்தோ வளைந்தோ இருக்கலாகாது. சுற்றியுள்ள வலைக்கம்பியின் ஓர் இழைகூட அதைத் தொடலாகாது. மற்றோர் அறைக்கென்று கேபிளை நடுவில் கிளைபிரித்திருந்தால், ஒவ்வொரு கிளைக்கும் பாதிக்கும் குறைந்த வலிமையே செல்லும் என்பதையும் நினைவிற் கொள்க.

டிஷ் வைத்திருப்போர் சிலர் சாமுண்டி மலையைக் குறைகூறக் கேட்டிருக்கிறோம். மலை தென்கிழக்கே நிற்கிறது, டிஷ்ஷும் தென்கிழக்கே நோக்குகிறது, ஆகவே மலை மறைக்கிறது என்பது அவர்கள் வாதம். அம்மன் குன்று பழியேற்க வேண்டுவதில்லை. அது நகரைவிட ஏறத்தாழ 300 மீட்டர் உயர்ந்தது. இரண்டு கிலோமீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் அதன் உச்சி தொடுவானுக்கு மேல் 10 பாகைக்கும் குறைவாகவே நிற்கும். டிடி ஃப்ரீ டிஷ் அலைகள் வரும் 93.5 பாகைக் கிழக்கு நிலையோ மைசூர் வானில் ஏறத்தாழ 65 பாகை உயரத்தில் உள்ளது. டாடா பிளேயின் 83 பாகை நிலை இன்னும் உயரம். சற்றுத் தெற்கே சாய்ந்தது. டிஷ்ஷின் முகம் அவ்வளவு நிமிர்ந்து தோன்றாது. ஏனெனில் அதன் அமைப்பு அத்தகையது. அது நோக்குவதாக நாம் நினைக்கும் இடத்தினின்று 20 பாகைக்கு மேல் உயரத்திலிருந்தே அலை வந்து விழுகிறது. ஆகையால் ஐயுற வேண்டியது தொலைவிலுள்ள மலையை அன்று. சென்ற ஆண்டு சிறிதாயிருந்து இவ்வாண்டு ஓலை விரித்திருக்கும் அண்டைவீட்டுத் தென்னையை. காற்றடிக்கும்பொழுது மட்டும் படம் உடைகிறதா என்று கவனித்தால் உண்மை விளங்கும்.

பெருமழையில் படம் மறைவது பழுதே அன்று. அவ்வலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவினது. அடர்ந்த மழைத்துளிகள் அதை விழுங்கிவிடும். மழை தணிந்தால் தானே வரும். அதுவரை யாரும் மாடியேறி டிஷ்ஷைத் திருப்பலாகாது. சிறிது திருப்பினாலும் மழை நின்றபின்னும் படம் வராது. மார்ச்சு நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் வெயில் நாளில், முற்பகல் வேளையில், சில நிமிடங்கள் படம் மறைந்து திரும்புவதும் உண்டு. அப்பொழுது கதிரவன் செயற்கைக்கோளுக்கு நேர்பின்னே வந்து நிற்கிறான். சில நாட்களில் விலகிவிடுவான். அவனைச் சரிசெய்யக் கூலி எதற்கு?

சானல்களில் ஏறத்தாழப் பாதி வருகின்றன, மீதி வருவதில்லை என்றால் அதுவும் ஒரு நல்ல குறிப்பு. டிஷ்ஷின் முன் நீண்ட கோலின் நுனியிலுள்ள எல்.என்.பி. என்னும் சிறு கருவிக்குப் பெட்டியே கேபிள் வழியாக மின்சாரம் அனுப்புகிறது. 13 வோல்ட் சென்றால் ஒருவகை அலையையும் 18 வோல்ட் சென்றால் மற்றொருவகை அலையையும் அது வாங்கித் தரும். கேபிளில் நீர் புகுந்தோ எல்.என்.பி. பழுதுபட்டோ இருந்தால் ஒருவகை மட்டும் நின்றுபோகும். இதை அழைக்கும்பொழுதே சொன்னால், வருபவர் வேண்டிய பொருளோடு வருவார்.

எல்லாச் சானலும் வருகின்றன, தமிழ் மட்டும் வருவதில்லை என்றால்? நம் இல்லங்களிலிருந்து மிகுதியாக எழும் முறையீடு இதுவே; இதிற் கருவியின் குற்றம் பெரும்பாலும் இல்லை. 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, கட்டணச் சானல்களை நாம் தனித்தனியாகவோ தொகுப்பாகவோ தேர்ந்தெடுத்துப் பணம் செலுத்துகிறோம். இவ்வூரில் விற்கும் தொகுப்புகளில் கன்னடச் சானல்கள் மிகுந்திருத்தல் இயல்பு. தொகுப்பை மாற்றும்பொழுதும் புதுப்பிக்கும்பொழுதும் தமிழ்ச் சானல் ஒன்று ஓசையின்றி விடுபட்டுப்போகலாம். அப்பொழுது திரையில் சந்தா இல்லை என்ற செய்தி தோன்றும். அதற்குப் பெட்டியைக் கழற்றுவதிற் பயனில்லை. பெட்டி எண்ணையும் வேண்டிய சானல்களின் பெயரையும் எழுதிக் கொடுத்துச் சேர்க்கச் சொல்லவேண்டும். முன்பு பொதிகை என வழங்கி 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறிய சானல் கட்டணமற்றது. அது வந்து, கட்டணத் தமிழ்ச் சானல்கள் மட்டும் வராவிடில், காரணம் சந்தாவே என்று துணியலாம்.

பொங்கலுக்கு ஊர் சென்று பத்துப் பதினைந்து நாள் கழித்துத் திரும்புவோர்க்கு மற்றொன்று. சந்தா முறையாகக் கட்டியிருந்தும் படம் வராது. உரிமம் தரும் சைகையும் அலை வழியாகவே பெட்டிக்கு வருகிறது. பெட்டி அணைந்திருந்த நாட்களில் அது வந்து சேரவில்லை. பெட்டியை இயக்கி, சந்தா செலுத்திய ஒரு சானலில் அரைமணி நேரம் அப்படியே விட்டுவைக்கவேண்டும். வராவிடில், சைகையை மீண்டும் அனுப்பும்படி நிறுவனத்தைக் கேட்கலாம். நிறுவனத்தின் எண்ணைப் பற்றுச்சீட்டிலிருந்தே எடுங்கள். இணையத்தில் தேடினால் மோசக்காரர்களின் எண்களும் கலந்து வரும். எவர் கேட்டாலும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லவேண்டாம் என்று வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கூறிவையுங்கள்.

ரிமோட்டை ஐயுற்றால் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். கேமராவில் சிறு ஒளி தெரிந்தால் ரிமோட் நலம். கோடை இடியின்பொழுது மின்செருகியோடு கேபிளையும் கழற்றிவிடவேண்டும். மின்னலின் வீச்சு கேபிள் வழியாகவும் வரும்.

இத்தனைக்கும் பிறகு ஆளை அழைக்கத்தான் வேண்டுமெனில், தாயாரே அழைக்கலாம். "சிக்னல் பர்த்தா இல்ல" என்றால் அலை வரவில்லை. "தமிழ் சானல் பர்த்தா இல்ல" என்றால் தமிழ் மட்டும் வரவில்லை. வேலை முடிந்ததும் "எஷ்டு?" என்று கூலியைக் கேட்டு, "ரசீதி கொடி" என்று சீட்டு வாங்கிக்கொள்ளட்டும். 'கொடி' என்பது கன்னடத்தில் மரியாதையாகக் கேட்கும் சொல்லே, கூசவேண்டுவதில்லை.