ஒழுங்கைக்குள் ஒரு மாட்டாசுபத்திரி



போன மாதம் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தபோது, நான்கு வீடு தள்ளி இருக்கும் ராத்தா ஒருவர் என் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார். கையில் இரண்டு கடதாசிகள். "மௌலவி, இந்த ரெண்டையும் ஒருக்கா வாசிச்சுப் பாருங்க. ரெண்டிலயும் எங்கட அவர் கையெழுத்து வெச்சிருக்கார்" என்றார்.

வாசித்தேன். ஒன்று, எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தனியார் மிருக வைத்திய நிலையத்தை உடனடியாக மூடவேண்டும் என்று நகர சபைக்கு எழுதப்பட்ட மகஜர். மற்றது, அதே வைத்திய நிலையத்தை விஸ்தரிப்பதில் தமக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை என்று அயலவர்கள் ஒப்பமிடும் கடிதம். முதலாவதைப் பள்ளிவாசல் படியில் வைத்து நீட்டினார்களாம். இரண்டாவதை வைத்தியரே தேநீர்க் கடையில் வைத்துக் கொடுத்தாராம். இரு தரப்பாருடனும் முகம் முறிக்க மனமில்லாமல் மனுஷன் இரண்டிலும் ஒப்பம் வைத்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ராத்தா சிரிக்கவில்லை. "வளவு உறுதி என்ட பேரில மௌலவி. கிணறும் என்ட கிணறு. என்னட்ட ஒருத்தரும் கேக்கல்லயே?" என்றார்.

சகோதரிகளே, அந்தக் கேள்வியில் எனக்கு வாயடைத்துப் போயிற்று. மட்டக்களப்பு வாவியை ஒட்டிய நமது ஊர்களில் வீடு என்பது பெண்ணுக்குரியது. மகளுக்கு வீடு கட்டி உறுதி எழுதிக் கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவதுதான் நம் வழக்கம். (சீதனத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பு எழுதியதை இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை.) அப்படியென்றால் ஒரு ஒழுங்கையின் காணிச் சொந்தக்காரர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஆனால் ஒழுங்கைக்கு ஒரு பிரச்சினை வந்தால் மகஜர் சுற்றுவது ஆண்கள் கூடும் இடங்களில் மட்டும்!

விஷயத்துக்கு வருவோம். அந்த வைத்திய நிலையம் ஒரு வீட்டின் முன்னறையில் பல வருடங்களாக நடந்து வருகிறது. வயிறு ஊதிய ஆடு, கன்று போட முடியாமல் தவிக்கும் பசு, தூங்கி விழும் கோழி, கால் முறிந்த பூனை என்று எல்லாம் வரும். நமது பெண்களில் எத்தனை பேர் இரண்டு ஆடும் பத்துக் கோழியும் வைத்துக் குடும்பச் செலவைச் சமாளிக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பிரதேச செயலகப் பிரிவுகள் தோறும் அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் இயங்குகின்றன. ஆனாலும் ஒரு அரச வைத்தியர் எத்தனை பட்டிகளுக்கு ஓட முடியும்? 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கொண்டுவந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்து விழுந்ததை மறந்துவிட்டோமா? ஆகவே அந்த முன்னறை இந்த ஊருக்குத் தேவையில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

இப்போது வைத்தியர் பின் வளவில் சத்திர சிகிச்சை அறை ஒன்றும், மிருகங்களை இரவில் தங்கவைக்கும் கூடுகளும், மேல் மாடியில் ஒரு அறையும் கட்ட விண்ணப்பித்திருக்கிறார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

மகஜரில் இருந்த முதல் காரணம், நாய் நஜீஸ் என்பது. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் நாய் நஜீஸ்தான். அதன் ஈரம் பட்டால் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவ வேண்டும். ஆனால் இரண்டும் உலர்ந்திருந்தால் பட்டதனால் நஜீஸ் தொற்றாது. சங்கிலியில் கட்டி ஒழுங்கையால் கொண்டுபோகும் நாயினால் உங்கள் வீட்டுச் சுவர் அசுத்தமாகிவிடாது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் நாய் சுத்தமான பிராணி என்பதையும் நினைவில் வையுங்கள். தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவருக்கு அல்லாஹ் பாவம் மன்னித்த செய்தியை நம் பிள்ளைகளுக்கு மத்ரஸாவில் சொல்லிக் கொடுக்கிறோம். அதே பிள்ளைகளின் வாப்பாமார் "நாய் வரும் இடத்தை மூடு" என்று எழுதுவதா? இன்னொன்றும் உண்டு. 1973ஆம் ஆண்டு இலங்கையில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது 20, 30 என்ற அளவுக்குக் குறைந்ததற்கு, நாய்களுக்கு ஊசி போட்டது ஒரு பெரிய காரணம். ஊசி போடும் கை மிருக வைத்தியர்களுடையது.

மகஜரில் எழுதாமல் வாயால் சொன்ன காரணமும் ஒன்று இருந்தது. வைத்தியர் தமிழ்ச் சகோதரர். அதை நான் நீட்டிப் பேச விரும்பவில்லை. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களின் வீட்டில் ஆடு அறுத்தபோது, நமது யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட செய்தியை வாசித்தவர்களுக்கு இது போதும்.

ஆனால் ராத்தாவின் கவலை வேறு. "மௌலவி, எனக்கு நாயும் பிரச்சினை இல்ல, டொக்டரும் பிரச்சினை இல்ல. அந்தக் கழுவுத் தண்ணி எங்க போகும்?"

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நமது ஊர்கள் வாவிக்கும் கடலுக்கும் இடையில் மணலில் கிடப்பவை. சில அடி தோண்டினால் தண்ணீர். மேலே ஊற்றியது வடிகட்டப்படாமல் விரைவாகக் கீழே இறங்கி, பக்கத்துக் கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் இடையில் பி.எச்.ஐ.மார் வழமையாகச் சொல்லும் கணக்கு 50 அடி. 10 பேர்ச் வளவு என்பது ஏறக்குறைய 2,720 சதுர அடி. 40 அடி அகலமிருந்தால் நீளம் 68 அடி. அந்த வளவுக்குள் எங்கே குழி வெட்டினாலும் ஒரு அயலவரின் கிணறு கிட்டத்தான் இருக்கும். முன்னறையில் நாலு ஆட்டுக்கு ஊசி போடுவது வேறு. தினமும் இரத்தமும் கிருமிநாசினியும் கலந்த தண்ணீர் கழுவி விடுவது வேறு. செத்த மிருகத்தை எங்கே புதைப்பது, பாவித்த ஊசிகளை எங்கே போடுவது என்பவையும் இதோடு சேர்ந்தவை. மூடச் சொன்ன மகஜரில் கிணற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆட்சேபனை இல்லை என்ற கடிதத்திலும் இல்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளுபவர் எவரும் அவ்விரண்டையும் எழுதவில்லை என்பது விளங்குகிறதல்லவா?

அன்றிரவு நான் மின்ஹாஜை எடுத்தேன். ஹிஜ்ரி 676இல் வபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்களின் அந்தக் கிதாபை அரபுக் கல்லூரியில் ஓதினேன். பின்பு பல வருடங்களாக ஓதிக் கொடுக்கிறேன். தரிசு நிலத்தை உயிர்ப்பிப்பது பற்றிய பாடத்தில் ஒரு மஸ்அலா வருகிறது. குடியிருப்பு வீடுகள் சூழ்ந்த தன் வீட்டை ஒருவர் குளியல் மண்டபமாகவோ மிருகங்கள் கட்டும் லாயமாகவோ மாற்றலாமா? துணிக்கடைகளுக்கு நடுவே இருக்கும் தன் கடையைக் கொல்லன் பட்டறையாக்கலாமா? மாணவர்கள் இதைக் கொட்டாவி விட்டுக்கொண்டு ஓதுவார்கள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் ஓதிக் கொடுத்தேன். எங்கள் ஒழுங்கைக் கதை எழுநூறு வருடத்துக்கு மேலாக அதற்குள் இருந்திருக்கிறது!

இமாமவர்கள் சொல்லும் மிகச் சரியான கருத்து, மாற்றலாம் என்பதே. ஆனால் அதோடு ஒரு நிபந்தனை கட்டியிருக்கிறது: அவர் முன்னெச்சரிக்கை எடுத்திருக்க வேண்டும், சுவர்களை உறுதியாக்கியிருக்க வேண்டும். மகஜர்காரர்கள் அந்த அனுமதியை மறந்தார்கள். வைத்தியர் அந்த நிபந்தனையை மறந்தார். "ஆட்சேபனை இல்லை" என்று மொட்டையாகக் கையெழுத்துக் கேட்டால் அதன் பொருள் என்ன? நிபந்தனை எதுவும் கேட்காதீர்கள் என்பதுதானே!

ஹனபி மத்ஹபின்படி உஸ்மானியர்கள் 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா சட்டக்கோவை இன்னும் நுணுக்கமாகப் பேசுகிறது. அயலவர் ஒருவர் குடியிருக்க முடியாதபடி புகையும் அதிர்ச்சியும் உண்டாக்குவது கடும் தீங்கு, அது நீக்கப்பட வேண்டும். தூரத்துக் காட்சி மறைகிறது என்பது அப்படிப்பட்ட தீங்கு அல்ல. ஆனால் பெண்கள் புழங்கும் முற்றம், சமையலறை, கிணற்றடி ஆகியவற்றைப் பார்க்கும்படி ஜன்னல் வைப்பது கடும் தீங்கு! ராத்தாவிடம் மேல் மாடி அறையைப் பற்றிக் கேட்டேன். "ஜன்னல் நேரே எங்கட கிணத்தடிக்குத்தான் மௌலவி" என்றார். ஆண்கள் எழுதிய மகஜரில் இதுவும் விடுபட்டிருந்தது.

வைத்தியருக்காகப் பேசியவர்கள், "அவர் முந்தியே வந்தவர், பிறகு வீடு கட்டினவங்கதான் பொறுக்கணும்" என்றார்கள். அதிலும் நியாயம் உண்டு. கொல்லன் பட்டறைக்குப் பக்கத்தில் பின்னால் வந்து வீடு கட்டியவர் பட்டறையை நிறுத்தச் சொல்ல முடியாது என்று மஜல்லாவே சொல்கிறது. ஆனால் முந்தி வந்தது அந்த முன்னறைதான். பின் வளவில் வரப்போவது நாளைக்கு வருவது. பழைய அறையின் வயதைப் புதிய அறைக்குக் கடன் கொடுக்க முடியாது.

நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இதே இடத்தில் வந்து நிற்கிறது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டப்படி, அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில் புதிதாகக் கட்டுவதற்கு மட்டுமல்ல, ஒரு கட்டிடத்தின் பாவனையை மாற்றுவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். வீடென்று அனுமதி பெற்ற இடத்தில் வைத்திய நிலையம் நடத்துவது பாவனை மாற்றம். அனுமதி இல்லாமல் கட்டினால், விஷயம் நீதவான் நீதிமன்றம் சென்று இடிக்கும் கட்டளை வரைக்கும் போகலாம். கட்டி முடித்த பிறகு, அனுமதித்தபடிதான் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து இணக்கச் சான்றிதழ் கொடுப்பார்கள், சி.ஓ.சி. என்று சனங்கள் சொல்வது அதைத்தான். இரவில் நாய் குரைப்பதற்கும் அளவுகோல் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி நகர சபைப் பிரதேசத்தில் பகலில் 63 டெசிபல், இரவில் 50.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அனுமதி கொடுப்பவர்கள் நிபந்தனையோடு கொடுக்கலாம். மூடு அல்லது விடு என்ற இரண்டு பேச்சு மட்டும்தான் உண்டென்று நாம் நினைத்துக்கொள்கிறோம். குழி எங்கே, ஜன்னல் எங்கே, கூட்டுக்குச் சுவர் எவ்வளவு தடிப்பு என்பவையெல்லாம் வரைபடம் மேசையில் இருக்கும்போது பேசவேண்டியவை. கொங்கிரீட் போட்ட பிறகு பேசினால் சண்டைதான் மிஞ்சும். வரைபடத்தைக் காட்ட மாட்டோம் என்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு எழுதிக் கொடுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானித்தாக வேண்டும்.

ராத்தாவுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை. மகளையும் கூட்டிக்கொண்டு சபைக்குப் போனார். முதலில், "உங்கட அவர அனுப்புங்க" என்றார்களாம். உறுதியின் பிரதியை எடுத்துக் காட்டியிருக்கிறார். பிறகு வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். கழிவுக் குழி அவருடைய கிணற்றிலிருந்து 20 அடியில் குறிக்கப்பட்டிருந்தது. வரைபடத்தில் கிணறே இல்லை! அயல் வளவின் கிணற்றை வரைந்தவர் கீறவில்லை.

அன்றிரவே கடிதத்தை அவர் தானே எழுதினார். நான் எழுத்துப் பிழை மட்டும் பார்த்துக் கொடுத்தேன். வைத்திய நிலையம் இருக்கட்டும், எங்கள் ஆட்டுக்கும் அங்கேதான் மருந்து என்று தொடங்கி, குழியை மறுபக்கம் மாற்றி அடைத்த தொட்டியாகக் கட்ட வேண்டும், மேல் ஜன்னல் கிணற்றடிப் பக்கம் திறக்கக் கூடாது, இரவில் தங்கும் நாய்களுக்கு மூடிய அறை வேண்டும் என்று மூன்று விஷயம் கேட்டிருந்தார். ஒரு பிரதியை வைத்தியரின் கையிலும் கொடுத்தார். வைத்தியர் இரண்டு தடவை வாசித்துவிட்டு, "இத முதல்லயே உங்களிட்ட கேட்டிருக்கலாம்" என்றாராம்.

தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பி.எச்.ஐ.யும் வந்து நாடா பிடித்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திருத்திய வரைபடம் கேட்டிருக்கிறார்களாம். இதை எழுதும் வரைக்கும் முடிவு வரவில்லை.

கடிதத்தைக் கொடுக்கப் புறப்பட்ட அன்று காலை அவருடைய கணவர் பேனையோடு வந்து, "நான் எங்க வெக்கிற?" என்று கேட்டாராம். "நீங்க ஏற்கனவே ரெண்டு வெச்சிட்டீங்க" என்று சொல்லிவிட்டு ராத்தா முந்தானையைச் சரிசெய்துகொண்டு இறங்கிவிட்டாராம்.