"ஒன்றுமில்லை" என்னும் தீர்ப்பு

மலையகத்துப் பெண்ணொருத்தி இடுப்பு நோவோடு ஆஸ்பத்திரிக்குச் செல்கிறாள். இடுப்பிலே தொடங்கித் தொடையின் பின்புறமாக இறங்கிக் கெண்டைக்கால்வரை ஓடும் நோ. இரவிலே புரண்டு படுக்கவும் விடாத நோ. எக்ஸ்றே எடுக்கிறார்கள். எலும்பிலே குறையெதுவும் காணப்படவில்லை. "ஒன்றுமில்லை" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அவள் மலையேறி வீடு சேருமுன்பே அந்தச் சொல் தோட்டத்தை அடைந்துவிடுகிறது. மறுநாள் பிரட்டுக்களத்தில் அதற்குப் பெயர் சோம்பல். லயத்திலே அதற்குப் பெயர் சாட்டு.

தமிழ் படிப்பிக்கும் நாம் ஒன்று கேட்கிறோம். 'காரணம் தெரியவில்லை' என்பதும் 'காரணம் இல்லை' என்பதும் ஒரே பொருளனவா? முன்னது அறிபவனுடைய எல்லையைக் கூறுவது. பின்னது பொருளின் இன்மையைக் கூறுவது. எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் விளங்கும் இவ்வேறுபாடு, படித்தவர் வாயிலே எப்படி அழிந்துபோகிறது?

எக்ஸ்றே எலும்பைக் காட்டும். நரம்பையும் தசைநாரையும் காட்டாது. முதுகெலும்பின் அடியிலே நெருக்குண்ட நரம்பு காலிலே நோவாய்ப் பேசுவதுண்டு. மாறாக, படத்திலே தேய்வு தெரிந்தும் நோவே அறியாது நடமாடுவோரும் பலர். ஆகவே படம் ஒரு சாட்சியேயன்றி நீதிபதியன்று. நோ பற்றி ஆராயும் சர்வதேசச் சங்கம் 2020இல் தன் வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, நோவை உணர்வதாக ஒருவர் கூறுவதை மதிக்கவேண்டும் என்றே குறிப்பெழுதியது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் நோவையே ஒரு நோயாக ஏற்று இடமளித்திருக்கிறது. விஞ்ஞானம் இவ்வளவு இறங்கி வந்தபின்பும் கணக்கப்பிள்ளை இறங்கி வரவில்லை!

பாசாங்கு செய்கிறார்கள் என்பர் சிலர். நல்லது. நிறுவையிலே கொழுந்து குறைந்தால் கிடைப்பது அரைப்பேர். பாதிக் கூலியை இழந்து, பிள்ளைகளின் வயிற்றைக் குறைத்து, எவள் நடிப்பாள்? இத்துணை நட்டம் தரும் நாடகத்தை நாம் எந்த மேடையிலும் கண்டதில்லை. தலையிலே கயிறு, முதுகிலே கூடை, காலடியிலே சரிவு; மாலையில் தண்ணீர்க்குடமும் அடுப்பும். இவையே அந்நோவின் காரணம் என்று அடித்துக் கூற நாம் முன்வரவில்லை. அதை ஆராயவேண்டியவர்கள் ஆராயட்டும் என்கிறோம். ஆராயாமலே தீர்ப்பு வழங்கவேண்டாம் என்கிறோம்.

நமது அணியினரும் தப்பமுடியாது. சம்பளத்துக்காக முழங்கும் தலைவர்கள் இந்நோவைப் பேச்சுவார்த்தை மேசைக்கு எத்தனை முறை கொண்டு சென்றார்கள்? நமது கதைகளிலே சயரோகம் கண்ட நாயகியருக்குப் பஞ்சமில்லை. இடுப்பு நோவுடையவளைத் தேடித்தான் காணவேண்டும். இருமலுக்கு உள்ள கவர்ச்சி இடுப்புக்கு இல்லைப் போலும்.

இன்னொன்று. உளைவு, கடுப்பு, குத்து, எரிவு, விறைப்பு என நோவுக்கு நமது பெண்களிடம் தனித்தனிச் சொற்கள் உண்டு. எரிவும் விறைப்பும் நரம்பைச் சுட்டலாம்; உளைவு தசையைச் சுட்டலாம். வைத்தியருக்குத் தமிழ் தெரியாதவிடத்து இவ்வளவும் 'நோ' என்ற ஒற்றைச் சொல்லாகிக் குறிப்பேட்டிலே விழுகிறது. பாதி நோயறிதல் அங்கேயே தொலைகிறது.

நாம் கேட்பவை பெரியனவல்ல. அவளது சொல்லைத் தமிழிலே கேட்டு எழுத ஆஸ்பத்திரியில் ஒருவர்; நோ தணியும்வரை அரைப்பேராக வெட்டப்படாத இலகுவான வேலை; "ஒன்றுமில்லை" என்பதற்குப் பதிலாக, "இன்னும் தெரியவில்லை, அடுத்த மாதம் திரும்ப வாருங்கள் அம்மா" என்ற ஒரு வாக்கியம்.