காகமும் பனம்பழமும்

நகைச்சுவை நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 17இல், 59 வயதில் காலமானபோது, சென்னை விருகம்பாக்கத்தில் அவரது வீட்டு முன்றலில் ரசிகர்களும் அயலவர்களும் கண்ணீரோடு திரண்டனர். அப்துல் கலாமின் வேண்டுகோளை ஏற்று இலட்சக்கணக்கான மரங்களை நட்ட கலைஞன் அவர். அவர் நினைவாகப் பலர் மரக்கன்று நட்டனர். தகுதியான அஞ்சலி!

ஆனால், 'ஊசிதான் கொன்றது' என்ற வதந்தியும் அதே கண்ணீரில்தான் மிதந்து வந்தது.

நடந்தது என்ன? ஏப்ரல் 15இல் ஓமந்தூரார் அரசு வைத்தியசாலையில் அவர் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். அஞ்சி நின்ற சாமானியரும் முன்வரட்டும் என்பதே நோக்கம். மறுநாள் மாரடைப்பு. இதயத்தின் பிரதான குருதிக் குழாயில் அடைப்பு. ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று வைத்தியர்கள் அன்றே சொன்னார்கள். இந்திய மத்திய அரசின் ஆய்வுக் குழுவும் அதே ஆண்டு ஒக்டோபரில் அதையே சொன்னது.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை இது. காகத்தைக் கொலைகாரனாக்கியவர்களுள் அவரது ரசிகர்களும் இருந்தார்களே, அதுதான் கொடுமை! மூடநம்பிக்கையை நையாண்டி செய்து 'சின்னக் கலைவாணர்' என்று பெயரெடுத்தவரின் சாவையே மூடநம்பிக்கைக்கு முதலாக்குவது எந்த வகை அன்பு? சிரித்தவர்கள் அவர் சொன்னதைக் கேட்கவில்லையா?

துக்கம் காரணம் தேடும். அது மனித இயல்பு. ஆனால் பிறர் உயிரோடு விளையாடத் துக்கம் அனுமதிப்பத்திரமல்ல. தொற்றின் இரண்டாம் அலை எழுந்துகொண்டிருந்த மாதம் அது. அந்த வதந்தியை நம்பி ஒரே ஒருவர் ஊசிக்கு அஞ்சி வீட்டிலிருந்திருந்தாலும், விவேக்கின் கடைசிப் பணியைத் தோற்கடித்தவர்கள் அவருக்காக அழுதவர்களே.