தலையெழுத்தை எழுதுவது யார்?

பிள்ளை பிறந்தவுடன் பிரம்மன் அதன் தலையில் எழுதிவிட்டுப் போய்விடுகிறான் என்றும், அந்த எழுத்தை யாராலும் அழிக்க முடியாதென்றும் நம் மக்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். ஒரு பையன் பள்ளிக்கூடத்தில் பின்தங்கினால், “அவன் தலையெழுத்து அவ்வளவுதான்” என்கிறார்கள். தோட்டக்காட்டுப் பிள்ளையாயிருந்தால், “கொழுந்து பறிக்கப் பிறந்ததற்குப் படிப்பு எங்கே ஏறும்?” என்கிறார்கள். இப்படிச் சொல்லுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பழியைப் பிரம்மன்மேல் போட்டுவிட்டால் நாம் ஒரு காரியமும் செய்ய வேண்டியதில்லை அல்லவா?

சுடுகாட்டு மண்டையோட்டில் காணும் கோணல் கோடுகளைக் காட்டி, “இதோ பிரம்மலிபி” என்பவர்களும் உண்டு. அந்தக் கோடுகள் மண்டை எலும்புகள் ஒன்றோடொன்று சேருகிற மூட்டுகளாகும். குழந்தைப் பருவத்தில் அவை இறுகாமலிருப்பது உள்ளே மூளை பெருப்பதற்கு இடம் வேண்டுமென்பதற்காகவே. பிறக்கும்போது மனித மூளை பெரியவர்களுடைய மூளையில் சுமார் கால் பங்குதான். இரண்டு வயதுக்குள் அது ஏறக்குறைய முக்கால் பங்காகிவிடுகிறது. ஆகவே எழுத வேண்டியதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டு மூன்று வருஷங்களில் எழுதப்படுகிறது. எழுதுகிறவள், அல்லது எழுத முடியாமல் தடுக்கப்படுகிறவள், தாய்.

மூளை பாலினாலும் சோற்றினாலும் மாத்திரம் வளர்வதில்லை. குழந்தை ‘ங்கா’ என்றால் தாய் ‘என்னடா கண்ணு’ என்கிறாள். அது சிரித்தால் இவளும் சிரிக்கிறாள். இந்தக் கொடுக்கல் வாங்கலினால்தான் மூளையின் நரம்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அமெரிக்காவில் எட்வர்ட் டிரோனிக் என்னும் மனநூல் அறிஞர் 1970களில் ஒரு சோதனை செய்தார். தாயைச் சற்று நேரம் முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் குழந்தைமுன் உட்காரச் சொன்னார். குழந்தை முதலில் சிரித்துப் பார்த்தது, கையை நீட்டிற்று, பிறகு கலங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டது. சில நிமிஷங்களுக்கே இப்படியானால், மாதக்கணக்காகத் தாயின் முகம் வாடியே இருக்கும் வீட்டில் குழந்தையின் கதி என்ன?

அப்படிப்பட்ட வீடுகள் எங்கேயோ இருப்பவையல்ல. வேலூருக்குப் பக்கத்தில் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் பிள்ளை பெற்ற பெண்களைப் பரிசோதித்து 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்கு 11 பேருக்குப் பிரசவத்திற்குப் பின் மனச்சோர்வு நோய் புதிதாக வந்திருந்தது. காரணங்களையும் கண்டார்கள். வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கைவேலைக்கு ஒத்தாசை இல்லாமை. இந்தப் பட்டியலில் பேய் எங்கே இருக்கிறது? கிரகம் எங்கே இருக்கிறது? அப்படியிருக்க, பிள்ளை பெற்றவள் அழுதுகொண்டே இருந்தால் நாம் மந்திரிக்கிறவனைக் கூப்பிட்டுத் தாயத்துக் கட்டுகிறோம்; அல்லது “பிள்ளையை வளர்க்கத் துப்பில்லாதவள்” என்று ஏசுகிறோம். கோவாவில் செய்து 2003இல் வெளியான ஆராய்ச்சியோ, இப்படிச் சோர்ந்த தாய்மாரின் குழந்தைகள் ஆறாம் மாதத்திலேயே அறிவு வளர்ச்சியிலும் உடல் வளர்ச்சியிலும் பின்தங்கியதைக் காட்டிற்று.

நிற்க, நம் நெல்லியாளத்துக்கு வருவோம். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களும், அவர்களுக்கு வெகு முன்பிருந்தே இம்மண்ணுக்குரிய பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் முதலியோரும் வாழும் பூமி இது. கொழுந்து பறிக்கும் தாய் காலையில் கூடையோடு ஏறினால் எடை போட்டுத் திரும்பும்வரை பிள்ளையின் முகம் அவளுக்கு இல்லை. தோட்டங்களில் பிள்ளைக் காப்பகம் வைக்க வேண்டுமென்று 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொல்லிற்று. ஆனால் காப்பகமென்றால் பிள்ளையைத் தூங்கவைத்துக் காவல் காக்கும் கொட்டகையென்று நினைப்பது போதாது. அங்கே பிள்ளையோடு பேசவும், அதன் பேச்சுக்குப் பதில் கொடுக்கவும் ஆள் வேண்டும்.

இனி படிப்பு. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, பள்ளிக்கே போகாத தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு 46 பேர் வளர்ச்சி குன்றியவர்கள். 12 வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்களின் குழந்தைகளில் 26 பேர். இந்த வித்தியாசத்தில் வறுமைக்கும் பங்குண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் படித்த பெண் தாமதமாக மணக்கிறாள். மருந்துச் சீட்டைப் படிக்கிறாள். “எனக்கு மனசு சரியில்லை” என்று வாய்திறந்து சொல்லத் துணிகிறாள். “எங்கள் பாட்டி படித்தா பத்துப் பெற்றாள்?” என்று கேட்கும் தோழர்களை, அந்தப் பத்தில் எத்தனை மிஞ்சின என்று திருப்பிக் கேட்கிறோம்.

யானை நடமாடும் பாதையென்றும், பள்ளி தூரமென்றும் சொல்லிப் பெண்ணை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டால், 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் அவளுக்கு எப்படிக் கிடைக்கும்? அது கல்லூரி வாசலை மிதித்தவளுக்கல்லவா? 18 வயதுக்கு முன் பெண்ணுக்கு மணம் கூடாதென்று 1978 முதல் சட்டம் இருக்கிறது. தன் உடம்பும் மூளையுமே இன்னும் வளர்ந்து முடியாத பெண்ணிடம் இன்னொரு மூளையை வளர்க்கச் சொல்லுவது எந்த நியாயம்?

இதற்குப் பரிகாரம் உண்டா என்றால், உண்டு. பாகிஸ்தானில் ராவல்பிண்டிக் கிராமங்களில், மருத்துவரல்லாத சாதாரண சுகாதார ஊழியப் பெண்களைப் பழக்கி, சோர்ந்த தாய்மாரின் வீடுகளுக்கு அனுப்பிப் பேசவைத்தார்கள். 2008இல் வெளியான கணக்குப்படி, ஆறு மாதத்தில் மற்ற இடத்துத் தாய்மாரில் நூற்றுக்கு 53 பேருக்கு நோய் நீடித்தது. இவர்களில் 23 பேருக்குத்தான். இவர்கள் வீடுகளில் தாயும் தகப்பனும் பிள்ளையோடு விளையாடுவதும் அதிகமாயிற்று. ஜமைக்காவில் 1986–87இல் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீடுகளுக்கு வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருஷம் ஊழியர் போய், பிள்ளையோடு விளையாடத் தாய்க்குக் கற்றுக்கொடுத்தார். 20 வருஷம் கழித்து அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம், அப்படிக் கற்பிக்கப்படாத வீட்டுப் பிள்ளைகளைவிட நூற்றுக்கு 25 பங்கு அதிகமாயிருந்தது. எந்தத் தலையெழுத்து இங்கே குறுக்கே நின்றது?

ஆகவே தோழர்களே! தடுப்பூசி போட வரும் செவிலியர் பிள்ளையின் எடையைக் கேட்பதோடு தாயின் மனத்தையும் கேட்க வேண்டுமென்று வற்புறுத்துங்கள். பெண்கள் பத்திரமாகப் பள்ளிக்குப் போய்வர வண்டி வேண்டுமென்று நகராட்சியையும் அரசாங்கத்தையும் கேளுங்கள். இவற்றுக்கு முன், இன்றைக்கே, உங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளின் கையிலிருக்கும் குடத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். மகனுக்குப் புத்தி வேண்டுமென்று கோயிலில் அர்ச்சனை செய்யும் காசும் நேரமும் அந்த மகனைப் பெற்றவளுக்குச் செலவாகட்டும்.