காற்றும் கருவியும் கைவிடும் நாளில்

தூண்டில் போடுவதைச் சோம்பேறியின் தவம் என்று எண்ணிப் பழகிய நமக்கு, அமெரிக்கர்களின் பாஸ் மீன்பிடிப் போட்டிகள் முதலில் வியப்பையே தருகின்றன. நன்னீர் ஏரிகளில் வாழும் பாஸ் மீனைப் பொய்யிரை காட்டிப் பிடித்து, உயிரோடு கரைக்குக் கொணர்ந்து, எடை போட்டு, மீண்டும் நீரில் விடுவதே ஆட்டம். பெரும்பாலான போட்டிகளில் நாளொன்றுக்கு ஐந்து மீன்களின் எடையே கணக்கு. குறித்த நேரத்துக்குப் பிந்தி வந்தால் எடை கழியும். மீன் இறந்திருந்தாலும் கழிவு உண்டு.

இவ்விதிகளைக் கேட்ட மாத்திரத்தில் நமக்கு ஒரு கேள்வி எழுந்தது. காற்று சீறி அலை எழும்பினால், நடு ஏரியில் இயந்திரம் நின்றுபோனால், மீன்களை உயிரோடு வைத்திருக்கும் தொட்டியின் பம்பு பழுதானால், அந்த இழப்பு யாருடையது? போட்டியாளருடையதே என்கின்றன விதிகள். இழந்த நேரத்தை எவரும் திருப்பித் தருவதில்லை. இது நியாயமா?

வானிலையைப் பொறுத்தவரை நியாயமே என்போம். 2015 பிப்ரவரியில் தென் கரோலினாவின் ஹார்ட்வெல் ஏரியில் பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டி நடந்தது. முதல் நாள் காலையில் கடுங்குளிரால் படகுகள் புறப்படுவதையே தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. தூண்டிற்கோலின் வளையங்களில் பனி உறைந்தது. நரம்பு ஓட மறுத்தது. குளிர்ந்த நீரில் மீனின் உடலியக்கமும் தளர்ந்துவிடும். விரைந்தோடும் இரையை அது துரத்தாது. அப்போட்டியில் வென்றவர் அம்மாநிலத்தவரான கேசி ஆஷ்லி. தம் தந்தை கையால் செய்த பொய்யிரையைக் கொண்டு, மூன்று நாள்களில் 50 பவுண்டு 1 அவுன்ஸ் மீன் பிடித்தார். உயிருக்கு ஆபத்து நேராதபடி புறப்பாட்டைத் தள்ளிவைத்தது சரி. குளிரைக் காரணம் காட்டி எவர் கணக்கிலும் எடையைக் கூட்டாததும் சரி. குளிர் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்தது.

கருவியின் கதை வேறு. அது பொதுவானதன்று, பணம் உள்ளவரிடம் மாற்றுக் கருவி இருக்கும், கடன் வாங்கிப் படகோட்டுபவரிடம் இராது. நுழைவுக் கட்டணமும் பயணச் செலவும் கைப்பணத்திலிருந்து போக, ஒரு சிறு பழுதால் வெறுங்கையோடு திரும்புகிறவரின் வீட்டில் அன்றிரவு என்ன பேச்சு நடக்கும்? கரையில் அமர்ந்து நியாயம் பேசும் நாம் இதையும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் பழுதுக்கு ஈடாக எடை வழங்குவது தீர்வாகாது. எது பழுது, எது கவனக்குறைவு என்று பிரிக்க எந்தத் தராசும் இல்லை. கருவிகளுக்கிடையே உள்ள தூரத்தைக் குறைப்பதே வழி. 1971இல் மீட் ஏரியில் நடந்த முதல் கிளாசிக்கில் போட்டியாளர்கள் 24 பேர். எந்த ஏரிக்குப் போகிறோம் என்பதே அவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. படகுகளும் எல்லோருக்கும் ஒரே வகை. பாபி மரே வென்றார். இன்றோ, படகின் முன்னே நீந்தும் மீனை அசையும் படமாகவே திரையில் காட்டும் ஒலியலைக் கருவிகள் வந்துவிட்டன. மேஜர் லீக் ஃபிஷிங் அமைப்பு தன் முதன்மைத் தொடரில் 2025 முதல் அக்கருவிக்கு வரம்பு விதித்தது. நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்றது. இதை நாம் வரவேற்கிறோம்.

விடைத்தாள் திருத்துவதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சிக்கல் புதிதன்று. தேர்வன்று காய்ச்சலில் எழுதிய மாணவனுக்கு, காய்ச்சலுக்கென்று மதிப்பெண் போட முடிவதில்லை. ஆனால் அந்த ஒரு நாளை மட்டும் வைத்து அவனை எடைபோடாதிருக்க முடியும். பாஸ்மாஸ்டர் எலைட் தொடரில், ஆண்டு முழுவதும் சேரும் புள்ளிகளைக் கொண்டு ஆண்டின் சிறந்த தூண்டிற்காரருக்குத் தனிப் பட்டம் தருகிறார்கள். கிளாசிக் வெற்றிக்கே ஆரவாரம் அதிகம் என்றாலும், பல ஏரிகளையும் பல வானிலைகளையும் கண்டு பெற்ற அந்தப் பட்டத்தையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.